சுவரா, வாசலா?

தீயது உள்ளே வந்துவிடுமென அஞ்சி வாசலை அடைத்துக்கொள்வது அறமா? நல்லது எதுவும் தவறிவிடக் கூடாதென எல்லாவற்றுக்கும் திறந்து வைப்பது அறமா? பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வோர் இல்லமும் என்றேனும் எதிர்கொள்ளும் வினா இது. விடை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் நொடிதோறும் இதே வினாவைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு, ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறைவிடவும் மெல்லியது. ஈரடுக்குக் கொழுப்பும் அதில் பதிந்து மிதக்கும் புரதங்களுமே அதன் உடல். 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அறிஞர்கள் இவ்வமைப்பை விளக்கியபோது, அது இறுகிய மதிலன்று, ஓயாது அசையும் நெகிழ்பரப்பு என்பது தெளிவாயிற்று. கொழுப்பு தடுக்கிறது, புரதம் வாசலாகிறது. அவ்வாசல்களும் ஆளறிந்தே வழிவிடுகின்றன. நீருக்கென அமைந்த வாசலைக் கண்டறிந்தமைக்காகப் பீட்டர் ஏகர் 2003இல் நோபல் பரிசு பெற்றார். நீரை விடும் அவ்வழி, அதனினும் சிறிய ஹைட்ரஜன் அயனியை விடுவதில்லை.

வாசல் இப்பகுத்தறிவை இழந்தால் என்னாகும்? குடலின் உயிரணுக்களில் குளோரைடு வெளியேறும் வாயில் ஒன்றுண்டு. காலராக் கிருமியின் நஞ்சு அதனை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பும் அதன் பின்னே நீரும் வெளியேற, சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போகிறது. அதே வாயில் பிறவிக் குறையால் திறவாது போனால், நுரையீரலில் சளி இறுகி மூச்சைத் திணறடிக்கும். அந்நோயைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பர். வாயில் ஒன்றே, ஓயாது திறந்திருப்பதும் நோய், என்றும் மூடியிருப்பதும் நோய்.

காலரா நோயாளியின் குடலிலும் மற்றொரு வாசல் பழுதுபடாமல் இருக்கும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும் வாசல் அது. அவை செல்லும் வழியே நீரும் செல்லும். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையூரான போங்காவில் அகதிகளிடையே காலரா பரவிற்று. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. எஞ்சியிருந்த ஒரு நல்ல வாசல் எத்தனையோ உயிர்களைக் காத்தது!

உயிரணுவினுள் ஆற்றலை வழங்கும் மைட்டோகாண்ட்ரியாவும் முன்னொரு காலத்தில் வெளியிலிருந்து வந்த நுண்ணுயிரே. 1967இல் லின் மார்குலிஸ் இதனை எடுத்துரைத்தபோது ஏற்க மறுத்தோர் பலர். இன்று அறிவியல் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவ்விருந்தாளி தனக்கெனச் சவ்வையும் சிறிதளவு மரபுப்பொருளையும் இன்றும் வைத்திருக்கிறது. அதனை ஏற்ற உயிரணுவோ செழித்தது.

ஆயினும் சவ்வுக்கு மனச்சாட்சி இல்லை. வடிவமும் மின்னேற்றமும் பொருந்தினால் அது வழிவிடும். ஏமாற்றும் நஞ்சுக்கும் பணியும். நமக்கோ தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு. மகள் கேட்கும் நூலையும், மகன் அழைத்துவரும் நண்பனையும், அயலார் கூறும் கருத்தையும் வாசலில் நின்று அறிந்துகொள்வது நம் கடமை. அறியாமலே விரட்டுவதும் அறியாமலே ஏற்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். சுவர் எழுப்புவது எளிது. வாசலைக் காப்பதற்கு நாள்தோறும் விழித்திருக்க வேண்டும்.