சினை மீனும் பசித்த வயிறும்

பசித்திருக்கும் ஒருவனை நோக்கி, "இன்று பிடியாதே, விட்டுவை" என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? வாசகரே, இக்கேள்வியை வெறும் தத்துவமாக ஆராய்வதிலும், கம்போடியாவின் தொன்லே சாப் ஏரிக்கரையில் வைத்து ஆராய்வது மேல்.

அவ்வேரி ஆண்டுதோறும் உருமாறுவது. மழைக்காலத்தில் மேகொங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து வடியும் ஆறு திசை திரும்பி ஏரியை நோக்கியே பாய்கிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராக ஒடுங்கும் நீர்ப்பரப்பு, வெள்ளத்தில் 10,000 சதுர கிலோமீற்றரையும் கடந்து விரிகிறது. கரையோரக் காடு நீரில் மூழ்குகிறது. சில மீன்கள் மேகொங்கின் மேற்பகுதியில் முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் வெள்ளத்தோடு இக்காட்டிற்கு வந்து சேருகின்றன. வேறு சில இங்கேயே இனம் பெருக்குகின்றன. நம் குளங்களிலும் வாழும் விரால் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டு அகலாது பெற்ற மீன் காவல் நிற்கும். குஞ்சுகளோ மூச்செடுக்க மேலே வந்தாகவேண்டும். அவற்றைக் கண்ட மீனவன் பெரிய மீனைத் தேடி அலையவேண்டியதில்லை. பாசமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது! காவல் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன.

2006ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம், யூன் 1 முதல் செப்ரெம்பர் 30 வரை இவ்வேரியில் பெருமளவு மீன்பிடியைத் தடைசெய்கிறது. சிறு வலையும் தூண்டிலும் கொண்டு குடும்பத் தேவைக்குப் பிடிப்போரை அது தடுக்கவில்லை. செயல் ஒன்றாயினும் அளவும் சூழ்நிலையும் வேறுபட்டால் அதன் அறமும் வேறுபடும் என்பர் அறநூலார். ஒரு நேரக் கறிக்கு வீசும் வலையும், நீரோட்டத்தையே மறித்துக் கட்டும் வேலியும் ஒன்றல்ல.

உழவன் பட்டினியிலும் விதைநெல்லில் கைவைக்கத் தயங்குவான். அவனுடைய நெல்லை மறுவருடம் அவனே விதைப்பான். ஏரி மீனுக்கோ உரிமையாளன் இல்லை. நான் இரக்கப்பட்டு விட்ட சினை மீனை இன்றிரவே அயலவன் பிடித்துவிடுவான். ஆகவே தனி மனிதனின் நல்லெண்ணம் இங்கு மீனைக் காப்பாற்றாது. நல்லவனை ஏமாளியாக்குவதே மிச்சம். எல்லாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபின்னரே அவனுடைய மனச்சாட்சிக்கும் பயன் உண்டாகிறது. பொது நன்மையின் பெயரால் அரசு கைபோடுவதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

எனினும் சுமை எவர் தோளில் என்பதையும் கேட்கவேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே ஏரியின் வளமான பகுதிகள் ஏலத்தில் தனியாருக்கு விடப்பட்டன. ஏழைகள் வேலிக்கு வெளியே நின்றனர். 2012இல் அம்முறை முற்றாக ஒழிக்கப்பட்டது. நீதிதான்! ஆனால் நுளம்புவலை போன்ற நுண்கண் வலைகளும், மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதும் ஒழிந்தபாடில்லை. ஏழை என்பதனாலேயே ஒருவன் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதேவேளை, 2019இலும் 2020இலும் வெள்ளம் பிந்தியே வந்தது. மழை குறைந்தது ஒரு காரணம். மேகொங்கின் மேற்பகுதி அணைகள் நீரைத் தேக்குவது இன்னொன்று. 2016இல் வறட்சியின்போது மூண்ட தீ, வெள்ளக்காட்டின் ஒரு பகுதியை எரித்தது. காடும் வெள்ளமும் இல்லாதவிடத்து, நான்கு மாதம் வலையைச் சுருட்டி வைத்தவனுக்கு என்ன கிடைக்கும்? துடுப்புப் பிடிப்பவனிடம் தியாகத்தைக் கேட்பவர்கள் அணையின் கதவைப் பிடித்திருப்பவனிடமும் அதனைக் கேட்கட்டும். தடைக்காலத்தில் மீன் விற்று வாழும் சிறு மீனவன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அவனுக்கு அந்த மாதங்களுக்கு வேறு பிழைப்போ உதவியோ கொடாமல் தண்டம் மட்டும் விதிக்கும் அரசு, தன் பங்கைச் செலுத்தாமலே அவனுடைய பங்கைக் கேட்கிறது.