பசங்களும் பந்தலும்

தைப்பூசம் நெருங்கினால் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழநி போகும் சாலையில் இரவு பகலாகப் பாதயாத்திரைக் கூட்டம். ஆயக்குடியில் கொய்யாக் கூடைகளுக்குப் பக்கத்திலேயே அன்னதானப் பந்தலும் நீர்மோர்ப் பானையும் முளைத்துவிடும். ஓடியாடி வேலை செய்வதெல்லாம் மீசை அரும்பும் பையன்கள்தான். வாளி தூக்கு, இலை எடு, தண்ணீர் ஊற்று. எத்தனை படி அரிசி போடலாம், சாம்பார் தீர்ந்துபோனால் என்ன செய்யலாம் என்று அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. அது பெரியவர்கள் சமாச்சாரம்.

அப்புறம் அதே பெரியவர்கள், "இந்தக் காலத்துப் பசங்க எதுக்கும் வர்றதில்லீங்க" என்பார்கள். வருகிறார்கள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தன் புத்திக்கு வேலையில்லாத இடத்தில் யார்தான் இரண்டாம் முறை நிற்பார்கள்?

1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம் என்று கணக்கு உண்டு. பல நகரத்துப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரு கிராமத்தில் படுத்துத் தூங்கியதே அந்த முகாம்களில்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் மணிக்கணக்கு வருகைப் பதிவேட்டுக்குத்தான் உதவும். பையன் எதற்குப் பொறுப்பேற்றான் என்பது அதில் ஏறாது.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில், மருத்துவர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் மாணவர்கள் ஊருக்குள் போய்த் தங்குவதே படிப்பின் பகுதியானது. ஆயக்குடியிலேயே அரசுப் பணித் தேர்வுக்குக் காசு வாங்காமல் பயிற்சி தரும் மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தேறியவர் திரும்பி வந்து கரும்பலகை முன் நின்றால் அவருக்கு யாரும் சேவையைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போன வருஷம் தானும் கீழே உட்கார்ந்திருந்தவர்தானே.

பந்தல் பொறுப்பையே பையன்களிடம் விடுவதில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பையன்கள் கணக்குத் தப்பினால் பட்டினி கிடக்கப்போவது நடந்து களைத்த பக்தர். ஒருவன் கற்றுக்கொள்வதற்கு இன்னொருவர் வயிறா விலை? அதனால் முதலுதவி மேசையை முறையான பயிற்சி இல்லாதவர்களிடம் விடக்கூடாது என்பேன். சாப்பாட்டுப் பந்தலையும் எடுத்ததும் விட வேண்டாம்.

மோர்ப் பந்தலை விடலாம். பணம், கணக்கு, ஆள் பிரிப்பது எல்லாவற்றையும் சேர்த்து. தயிர் குறைந்தால் தண்ணீரைக் கூட்டி, கறிவேப்பிலையும் உப்பும் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவருக்குத்தான் முதலில் பயிற்சி தேவைப்படும்.