பதினொரு வயதில் இரண்டாம் வகுப்பு

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தனியாளாக வந்தவர்களில் பலர் இப்போது குடும்பத்தோடு லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்கிறார்கள். ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்த பெண்ணை, தமிழ் எழுத்துத் தெரியாது என்பதற்காக இரண்டாம் வகுப்பில் உட்கார வைப்பதுண்டு. இது சரிதானா?

ஆசிரியரின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஆறாம் வகுப்பில், வாசிக்கத் தெரியாத ஒருத்தியை வைத்துக்கொண்டு சமூக அறிவியல் நடத்துவது எப்படி? 'அ'விலிருந்துதானே தொடங்க வேண்டும்? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அவளுக்குப் பின்னம் தெரியும், நீள் வகுத்தல் தெரியும், இந்தியில் கதைப் புத்தகம் வாசிப்பாள். முழங்கால் இடிக்கும் குட்டிப் பெஞ்சில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்ததும், தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுகிறது. இடைவேளையில் தன் வயதுப் பிள்ளைகள் 'இந்திக்காரி' என்று கூப்பிட, அவள் பேச்சையே நிறுத்திக்கொள்கிறாள். 'அமைதியான பிள்ளை' என்று பள்ளி அதைப் பாராட்டவும் செய்கிறது. அது அமைதியல்ல, தனிமை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டது. பள்ளிக்கு வெளியே நின்றுவிட்ட பிள்ளையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து படிக்கத் தேவையான சிறப்புப் பயிற்சியைப் பெறுவது பிள்ளையின் உரிமை என்கிறது அதன் 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

வீட்டின் பங்கும் இருக்கிறது. அப்பா, அம்மா இருவருமே ஒன்றரை ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வேலை முடியும். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் சோறு வடிப்பதும் அவள் பொறுப்பு. ஓராண்டில் தமிழ் பழகியதும் வீட்டின் வாயும் அவளே. மளிகைக் கடையிலும் வாடகை கேட்டு வருபவரிடமும் அவள் பேசுவதில் தவறில்லை. அதில் அவளுக்கொரு பெருமிதமும் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனையில் அம்மாவின் உதிரப்போக்கைப் பற்றி டாக்டர் கேட்பதை அம்மாவிடமும், அம்மா தயங்கிச் சொல்வதை டாக்டரிடமும் அவளே சொல்ல நேரும்போது எல்லை தாண்டப்படுகிறது. கேட்ட பயத்தை யாரிடமும் இறக்கிவைக்க முடியாமல் அவள் அன்றிரவு தூங்க வேண்டும். அந்த வேலைக்குப் பெரியவர் ஒருவரைத் தேடிக்கொள்வது பெற்றோரின் கடமை. இந்தி தெரிந்த ஊழியர் ஒருவரை வைப்பது மருத்துவமனையின் கடமை.

2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்த பிறகும் பலர் ரயிலேறினார்கள். அதே செல்போன்களைத்தான் வீட்டிலிருந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். 'வெளியே யாரிடமும் பேசாதே' என்று பயந்த தாய் சொல்வது இயல்பு. அந்தப் பயத்தைத் தாய் தனியாகப் போக்க முடியாது. 'இங்கே உனக்கு ஒன்றும் ஆகாது' என்று டீச்சர் சொன்னால் பிள்ளை நம்பும்.

பெற்றோரைவிடப் பள்ளியின் பொறுப்பே பெரிது. பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷின் முன் இருப்பவர்களிடம், பிள்ளையோடு உட்கார்ந்து பேசவில்லையே என்று குறை சொல்வது எளிது, நியாயமில்லை. நேரமும் அதிகாரமும் யாரிடம் இருக்கிறதோ அவர்களே முதலில் அசைய வேண்டும்.

பிழைக்கப் போன ஊரில் பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்த அனுபவம் தமிழருக்கும் உண்டு. மும்பை மாநகராட்சி தாராவியில் தமிழ்வழிப் பள்ளிகளையே நடத்தியது. இங்கே வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பழக ஒரு வழியாவது செய்துகொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அது முடியாத காரியமுமல்ல. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளை ஊர் ஊராக நடத்திக் காட்டியது.

தலைமை ஆசிரியர்களே, வரும் ஜூனில் சேர்க்கைக்கு வரும் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கல்வி அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.