பிடியரிசியும் பெயர்ப்பலகையும்

திருப்பித் தர இயலாதவனுக்குக் கொடுப்பதே ஈகை. மற்றவையெல்லாம் கொடுக்கல் வாங்கல். இது வள்ளுவர் வகுத்த வரம்பு. புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். மறுமைப் பயனைக் கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் தன் தலைவன் என்பது அவர் வாக்கின் கருத்து. மிளகும் சுக்கும் நாள்தோறும் விலைபேசப்படும் மட்டாஞ்சேரியில் வாழ்வோர்க்கு இவ்வுவமையின் கூர்மை எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. விண்ணுலகில் கைம்மாறு உண்டு என்று நம்பிக் கொடுக்கும் கிறித்தவரின் ஈகை எவ்வகையைச் சார்ந்தது? அதுவும் ஒருவகை வணிகந்தானோ?

விவிலியம் கைம்மாற்றைப் பேசுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதே நூல், விருந்துக்கு அழைப்பதாயின் பதிலுக்கு அழைக்க வழியற்ற ஏழையரையும் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொல்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்கிறது. எருசலேம் ஏழைகளுக்காகப் பொருள் திரட்டிய பவுல் அடிகளார் கொரிந்து நகரத்தாருக்குக் காட்டிய காரணமும் நோக்கத்தக்கது. செல்வராயிருந்த கிறிஸ்து நம்பொருட்டு வறியரானார். ஆதலின் நீங்களும் கொடுங்கள் என்பதே அது. பெறப்போவதற்குத் தரும் விலை அன்று, முன்னமே பெற்றதற்குக் காட்டும் நன்றியே கொடை. விலை தருபவன் பொருளை எதிர்நோக்குகிறான். நன்றி செலுத்துபவனோ எதையும் எதிர்நோக்குவதில்லை.

இக்கொள்கை நம் மண்ணிலேயே உருப்பெற்றதைக் காணலாம். 1805இல் பிறந்து 1871இல் கூனம்மாவில் மறைந்த சாவற குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளார், தேவாலயந்தோறும் பள்ளிக்கூடம் அமைக்கச் செய்தவர். 2014இல் புனிதராக உயர்த்தப்பெற்றவர். ஏழைச் சிறுவர் பசியோடு எவ்வாறு படிப்பர்? அவர்தம் நண்பகல் உணவுக்கு அடிகளார் கண்ட வழி பிடியரிசி. உலையிலிடுமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பாள்; சேர்ந்ததைத் திரட்டிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பர்.

இதன் நுட்பம் பெரிது. உண்டு மிஞ்சியது அன்று, உண்ணுமுன் எடுத்தது. செல்வர்க்கு மட்டுமே உரிய அறமும் அன்று. அரிசி அளக்கும் எந்த வீடும் செய்யலாம். யாவற்றினும் மேலாக, கூடையில் விழுந்தபின் எவர் பிடி எது என்று எவராலும் பிரித்தறிய இயலாது. கொடுத்தவர் பெயர் அரிசியோடு அரிசியாய்க் கலந்துவிடுகிறது!

நாமோ குழல்விளக்கின் ஒளியையும் மறைத்துப் பெயரெழுதுகிறோம். பிறரைக் குறை கூறுவானேன்? ஒருமுறை நிவாரண நிதிக்குச் சிறுதொகை தந்துவிட்டு, அச்சான பட்டியலில் முதற்கண் என் பெயரையே தேடினேன். அது விடுபட்டிருந்தது கண்டு உள்ளம் சுருங்கியது. நிதி உரியவரைச் சென்றடைந்ததா என்று அப்போது நான் கேட்கவில்லை. அன்று நான் கொடுத்தது ஈகையன்று, விளம்பரக் கட்டணம்.

அங்ஙனமாயின் வள்ளல்களின் பெயர் நிலைத்திருப்பது தவறா? மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார்; சமயம் பார்த்து வார்க்கவில்லை. அக்கொடையைக் கண்டு உருகிக் கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் தந்த சிவநேயர் கோபாலகிருஷ்ண பாரதியார். கிறித்தவரின் ஈகைக்குச் சைவர் சான்று பகர்ந்தார். கொடுத்தவர் தேடிய புகழ் அன்று அது. கண்டவர் நெஞ்சு கனிந்து தந்தது. முன்னது வணிகம், பின்னது நன்றி.

பெயர்ப்பலகையின் எழுத்து மழையில் கரையும். பிடியரிசி உண்டு எழுத்தறிந்த பிள்ளைகளின் வழியே வளர்ந்த அறிவோ, கொடுத்தவர் பெயர் கூறாமலே இன்றும் இந்நாட்டில் வாழ்கிறது. நம் இல்லங்களிலும் உலையிலிடுமுன் ஒரு பிடி எடுத்து வைப்போமாக. எடுத்த கையை மறப்போமாக.