விலைக்கு வாங்கிய கோழியும் கருணையும்

வைசாகப் பௌர்ணமியன்று கூண்டுக் கோழிகளை விலைக்கு வாங்கி விடுவித்தல் புண்ணியமாகுமோ என்று உபாசகர் சிலர் நம்மை வினவுகின்றனர். அதனைக் கேட்டு நகைப்போரும் உளர். “நீர் கொடுக்கும் காசைக்கொண்டு வியாபாரி நாளை வேறு பத்துக் கோழிகளை அதே கூண்டில் அடைப்பான், நீர் விடுவித்தது யாது?” என்பது அவர்தம் வாதம். இதனை எளிதிற் புறந்தள்ளுதல் கூடாது.

முதற்கண் அக்கோழி எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும். முட்டைப் பண்ணையில், செட்டை விரிக்க இடமில்லாத கம்பிக் கூண்டில் அது வளர்ந்தது. ஏறத்தாழ ஐந்து திங்களில் முட்டையிடத் தொடங்கி, ஓராண்டில் 300 முட்டை வரை இடுகின்றது. அதன் மூதாதையாகிய காட்டுக்கோழியோ ஆண்டிற்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். ஓட்டிற்கு வேண்டிய சுண்ணத்தின் ஒரு பகுதி அதன் எலும்பினின்றே எடுக்கப்படுகின்றது. ஒன்றரை ஆண்டு அகவையில் முட்டை குறைந்ததும் கழித்து விற்றுவிடுவர். பெங்களூரில் நாம் கண்ட ஒரு கடையில் இத்தகைய கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்குண்டு கிடந்தன. முதுகில் இறகில்லை, கொண்டை வெளுத்திருந்தது, நீர்த்தட்டு உலர்ந்திருந்தது. இயங்குவதற்கு இடமில்லாத கூண்டில் ஓருயிரை அடைத்தல் குற்றம் என 1960 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. கடைத்தெருவில் அச்சட்டத்தை யார் படிக்கின்றனர்?

இனி வாதத்திற்கு வருவோம். கழித்த கோழியால் பண்ணைக்காரர் பெறுவது சிறிது. முட்டையே அவர்தம் பிழைப்பு. ஆதலின் கடையில் முன்னரே நிற்கும் ஓரிரு கோழிகளை வாங்குதலால் பண்ணை பெருகிவிடும் என்பது மிகை. ஆனால் திருநாளுக்கென முன்கூட்டிச் சொல்லி ஐம்பது கேட்பின், ஐம்பதும் நமக்காகவே வண்டியேறும். கீழ்த்திசைப் பௌத்த நாடுகள் சிலவற்றில் கோயில் வாயிலில் விடுவிப்பதற்கென்றே காட்டுப் பறவைகளை வலைவைத்துப் பிடித்து விற்கின்றனர். பிடித்தவனும் விடுவித்தவனும் ஒரே வாணிபத்தின் இரு கைகளாயினர். அவ்வழக்கம் நம்மிடை வேண்டா. ஓரிரு கோழி வாங்குவோனும், தன் காசில் சிறிது அவ்வாணிபத்தைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதனை மறைத்துப் புண்ணியம் பேசுதல் நான்காம் சீலத்திற்குப் பழுது.

உபாசகன் செய்யத்தகாத வாணிபங்கள் ஐந்தென அங்குத்தர நிகாயம் கூறும்: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. இவற்றுள் ‘உயிர்’ என்பதற்கு மனிதரை விற்றல் என உரைகாரர் பொருள் கொண்டனர். மூலத்தில் உள்ள சொல்லோ எல்லா உயிரையும் குறிப்பது. நாம் அச்சொல்லின் பக்கமே நிற்கின்றோம். இங்கு ஒன்று கூறல் வேண்டும். புலால் உண்போரை இழித்துரைத்தல் நம் நோக்கமன்று. அவ்விழிவுரையை நம் முன்னோர் போதுமளவு கேட்டனர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிரிடத்தும் அன்பும் கருணையும் காட்டுதல் ஒன்று. பிறரை இழிவுபடுத்த அது கருவியன்று.

மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்துச் சென்றான், விலை கொடுத்திலன். அவனைக் கள்வன் என்றனர், அடித்தனர், ஊரினின்று அகற்றினர். பசுவோ காடு புகுந்து பிழைத்தது. நம் கோழிக்குப் புகுவதற்குக் காடில்லை. தோப்பில் விட்டுத் திரும்பின், அன்றிரவே நாய்க்கோ கீரிக்கோ இரையாகும். ஆகவே விடுவித்தல் என்னும் சொல்லே இங்குப் பொருந்தாது. வாங்கிய நாளில்தான் வேலை தொடங்குகின்றது.

கூண்டினின்று இறக்கிய கோழி உடனே ஓடித் திரியும் என எண்ணுவோர் வியப்புறுவர். திறந்த வெளியில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். இதன் காரணம் நமக்கு விளங்குகின்றது. பஞ்சாலையில் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உண்டவர் நாம். ஆலை மூடிய பின்னும் நெடுநாள், ஊதாத சங்கிற்குக் கண் விழித்தோம். கூண்டு திறந்தவுடன் கூண்டுப் பழக்கம் நீங்குவதில்லை. மாலையில் கூட்டினுள் செல்ல வேண்டும் என்பதும் அக்கோழிக்குத் தெரியாது. சின்னாள் கையால் எடுத்துச்சென்று அமர்த்தல் வேண்டும். எனினும் மண்ணை அறியாத கோழியும் மண் குளிக்க அறியும். கூண்டிலிருந்தபோதே வெறுங்கம்பியின்மேல் புழுதி இருப்பதுபோல் உடலைத் தேய்த்துச் செட்டையை அசைத்ததுண்டு. சாம்பல் கலந்த புழுதியைக் குவித்து வைப்பின், ஒருநாள் அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். அதனைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தியதை அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். அரசனுக்கும் அது சிறுதொழிலன்று. நம் வீட்டளவில் செய்வது இதுவே. புதுக்கோழியை நான்கு வாரமேனும் பிற கோழிகளினின்று தனித்து வைத்தல் வேண்டும்; வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் பரவின் பழைய கோழிகளும் மடியும். ஒற்றைக் காலைப் பற்றித் தூக்கலாகாது, எலும்பு முறியும். முதலில் அது பழகிய தீவனம், நிழல், ஆழமில்லாத தட்டில் நீர்; பின்னர்ச் சிறிது சிறிதாகத் தானியமும் கீரையும். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித்தட்டில் வைத்தால் வேண்டுமளவு தானே கொத்தும். காலில் செதில் தூக்கியிருப்பின் எண்ணெய் தடவலாம். இறகு முளைக்கத் திங்கள் பல ஆகும்.

“முட்டையிடுமா?” என்று அண்டை வீட்டார் கேட்பர். சில இடும், சில இடா. முட்டை நின்ற பின்னும் சில ஆண்டுகள் வாழக்கூடும். அவ்வாண்டுகளின் தீனிச் செலவை இன்றே கணக்கிட்டு, இரண்டிற்கு இடமிருப்பின் இரண்டு, இல்லையேல் ஒன்றுமில்லை என முடிவு செய்க. கோழி வருமுன் கூடு அமைக்க. கீரியும் பூனையும் புகாத வலை, மழைநீர் தேங்காத தரை, தாழ்வான கட்டை இவை வேண்டும். கட்டை ஒரு சாணுக்குமேல் உயரவேண்டா; அக்கால்கள் இன்னும் குதித்தறியா.