மானிடப் பிறவியின் அருமை எதில்?

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது சைவர் யாவரும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வாக்கு. எண்பத்துநான்கு இலட்சம் யோனி பேதங்களைக் கடந்து வந்த உயிருக்கே இவ்வுடல் வாய்க்கின்றது என்பர். ஆனால் அந்த அருமை எதில் உள்ளது? உடலின் அமைப்பில் என்றால், புல்லும் புழுவும் தாழ்ந்தவை, மனிதன் உயர்ந்தவன் என்று உடலைக் காட்டியே தீர்ப்பிட்டுவிடலாம். மனிதருக்குள்ளும் பிறப்பால் உயர்வு தாழ்வு பேசப்பட்டது இதே கணக்கில்தான். ஆதலின் இதனைச் சற்று ஆராய்தல் தகும்.

உடலை ஆக்கும் விதிகள் கலங்களுள் பரம்பரையலகுகளாக அமைந்துள்ளன. அவை பிரதி செய்யப்படும்போது சில வேளைகளில் ஒன்று இரண்டாகிவிடுவதுண்டு. அமெரிக்காவில் பணியாற்றிய யப்பானிய விஞ்ஞானி சுசுமு ஓனோ, கூர்ப்பின் பெரும் மாற்றங்களுக்கு இந்த இரட்டிப்பே முக்கிய வழி என 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதித்தார். ஒரு பிரதி பழைய கடமையைச் செய்துகொண்டிருக்க, மற்றையது மாறுதலடைய இடம் கிடைக்கின்றது. அவ்வாறு தோன்றியவற்றுள் பெரும்பாலானவை பழுதடைந்து பயனற்றுப் போகும். மிகச் சிலவே புதிய தொழிலைப் பெறும்.

தாயின் வயிற்றிலுள்ள சிசுவை எடுத்துக்கொள்ளலாம். குருதியில் ஒட்சிசனைக் காவுவது ஈமோகுளோபின். அதனை ஆக்கும் பரம்பரையலகு பண்டைக் காலத்தில் இரட்டித்து இரட்டித்துப் பல பிரதிகளாயிற்று. அவற்றுள் ஒரு வகை கருவிலேயே பெரிதும் தொழிற்படும். அது தரும் ஈமோகுளோபின் தாயினுடையதை விட இறுக்கமாக ஒட்சிசனைப் பற்றும். இன்னும் மூச்சுவிடாத பிள்ளை தாயின் குருதியிலிருந்து ஒட்சிசனைப் பெறுவது இதன் துணையாலேயே. பிறந்து சில மாதங்களில் அப்பிரதி ஓய, வேறொன்று பொறுப்பேற்கும். குங்குமத்தின் சிவப்பையும் வில்வத்தின் பச்சையையும் மனிதக் கண் பிரித்தறிவதும் இத்தகைய ஓர் இரட்டிப்பின் பயன். அது நிகழ்ந்து மூன்று கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். கோயில் வீதியில் படுத்திருக்கும் நாய்க்கு அவ்விரு நிறங்களையும் வேறுபடுத்துவது கடினம்.

இத்தகைய உடலில் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. நெல்லிலோ, 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 37,000க்கும் மேல்! மணத்தை உணர உதவுபவை மனிதனில் ஏறத்தாழ 400. ஆபிரிக்க யானையில் ஏறத்தாழ 2,000. (பிள்ளையாருக்கு யானைமுகம் கண்ட முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் கண்டது வேறு.) தொகையைக் கொண்டு உயர்வு பேசினால் மனிதன் நெற்பயிருக்கும் கீழேதான் நிற்க வேண்டும்.

சைவசித்தாந்தம் உடலை உயர்வுக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்பன உயிருக்கென மாயையிலிருந்து இறைவனால் ஆக்கித் தரப்பட்டவை. புழுவின் உடலில் நிற்பதும் மனித உடலில் நிற்பதும் உயிரே. ஆணவமும் இரண்டிடத்தும் உண்டு. முன்பு தேர்வடம் தொடவிடாது தடுத்தவர் உடலிலும், தடுக்கப்பட்டு வெளியே நின்றவர் உடலிலும் இருந்தவை அதே பரம்பரையலகுகளே. தடுத்தவர் தம் உடலில் இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிக்கொண்டார்.

பிரதி செய்கையில் நேர்ந்த தற்செயலால் கண்ணும் குருதியும் இவ்வாறு அமைந்தன என்று விஞ்ஞானம் சொல்வது சில அடியார்களுக்கு வருத்தம் தரலாம். ஆனால் ஒரு கருவி எவ்வழியில் உருவாயிற்று என்பது ஒரு கேள்வி. எதற்காகத் தரப்பட்டது என்பது வேறு. இரண்டாவது கேள்வியைக் கேட்கவும், பசித்த நாயைக் கண்டு இரங்கவும் இவ்வுடலில் நின்று உயிருக்கு முடிகின்றது. நெல்லுக்குத் தன் 37,000 கொண்டும் அது முடிவதில்லை.