எழுத்தாளனும் எல்லையும்

ஒரு ஸ்தாபனத்துக்கு எழுதிக்கொடுக்கும் சுயாதீன எழுத்தாளன் எவருக்குக் கடமைப்பட்டவன்? வேலையைத் தந்த மனிதருக்கா, அவரை அமர்த்திய ஸ்தாபனத்துக்கா? பேசி முடித்த பொறுப்பாளர் விலகிப் புதியவர் வரும்போது இக்கேள்வி கூர்மையடைகின்றது. முன்னவர் வாய்மொழியாகத் தந்த உறுதிகளைப் புதியவர் அறியார். "சிறு திருத்தம்" என்று தொடங்குவது கூலியில்லா வேலையாக வளர்கின்றது.

இந்நிலை புதியதன்று. 1851இல் 'நியூயோர்க் டெய்லி ரிபியூன்' பத்திரிகைக்கு எழுதுமாறு கார்ல் மார்க்ஸை அழைத்தவர் சாள்ஸ் டேனா. அவர் மார்க்ஸை மதித்தவர். எனினும் லண்டனிலிருந்து சென்ற கட்டுரைகள் பல, எழுதியவர் பெயரின்றித் தலையங்கங்களாயின. அச்சேறாதவற்றுக்குப் பணம் கிடையாத காலமும் இருந்தது. 1857இன் பொருளாதார நெருக்கடியில் வேலை சுருங்கியது. 1862இல் அத்தொடர்பு அறுந்தது. அதே ஆண்டில் டேனாவும் பத்திரிகையை விட்டு விலகினார். ஒரு மனிதரின் மதிப்பு மார்க்ஸுக்கே காப்பாகவில்லை என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

எல்லையை எழுத்தில் வகுப்பது நம்பிக்கையின்மை என்பர் சிலர். புதிய பொறுப்பாளரும் சம்பளத்துக்கு உழைப்பவரே; மேலிருந்து வரும் நெருக்குதலையே அவர் கீழே தள்ளுகின்றார். அவரைப் பகைவராகக் கொள்வது தவறு. வேலை எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை, ஏற்கும் அதிகாரம் எவருக்கு, பணம் எப்போது என்பன எழுத்தில் இருப்பின், மேலிடத்துக்கு மறுப்புச் சொல்ல அவருக்கும் ஓர் ஆதாரம் கிட்டும்.

ஆயின், எழுதித் தாருங்கள் என்று கேட்கத் தனியொருவனுக்கு வலிமை ஏது? கேட்டவனை விடுத்து மற்றொருவனிடம் வேலை போய்விடும். எனவேதான் இது தனிமனிதனின் சாமர்த்தியத்தால் மட்டும் தீரும் பிரச்சினையன்று. மார்க்ஸின் கட்டுரைகள் அச்சேறிய அதே நியூயோர்க் நகரில், சுயாதீன உழைப்பாளர் ஒன்றுதிரண்டு குரலெழுப்பியதன் பயனாக, 2017இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். பணம் தரும் நாள் குறிக்கப்படாவிடின், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தரப்படல் வேண்டும் என அது விதித்தது.

எல்லை வகுப்பது சுயநலமா? ஒருவன் முகத்தாட்சண்ணியத்துக்காகக் கூலியின்றிச் செய்து கொடுத்த வேலை, அடுத்து வருபவனிடம் வழக்கமென்றே கேட்கப்படும். அவன் மறுக்கவும் முடியாது தவிப்பான். நாம் இன்று வகுக்கும் எல்லை, நாம் கண்டறியாத அவனுக்கும் உரியது.